தன் எதிராகித் திரும்பும் துகள்

தீவகத்திலிருந்து அணுவின் கதை: அத்தியாயம் 17

சென்ற அத்தியாயத்தை 1932இல் நிறுத்தியிருந்தேன். கார்ல் அண்டர்சன் முகில் அறைப் படமொன்றில் பொசித்திரனைக் கண்டுபிடித்த இடம் அது. இலத்திரனின் அதே திணிவு. ஏற்றம் மட்டும் நேர். போல் டிராக் 1928இல் எழுதிய சமன்பாடு அப்படியொரு துகள் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது புரோத்தனாக இருக்கலாம் என்று டிராக் முதலில் எண்ணிப் பார்த்தார். 1931இல், இல்லை, இது இதுவரை யாரும் காணாத துகள் என்று எழுதினார். மறு ஆண்டே விண்வெளியிலிருந்து வந்த கதிர் அவர் சொன்னதை மெய்ப்பித்தது. பொருளுக்கு எதிர்ப்பொருள் உண்டு என்ற அறிவு மனிதருக்கு இப்படித்தான் கிடைத்தது.

இந்த அத்தியாயம் அதற்கு அடுத்த படி. ஒரு துகள் தன் எதிர்த்துகளாக மாறி, மறுபடி தானாகி, மறுபடி எதிராகி அலைந்துகொண்டிருக்க முடியுமா? முடியும். இன்றுவரை நான்கு துகள்கள் அப்படி அலைவதைக் கண்டிருக்கிறார்கள். நான்காவதன் அலைவுக்குக் காரணமான மிகச் சிறிய திணிவு வேறுபாட்டை ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள சேர்ன் ஆய்வகம் 2021 யூனில்தான் அறிவித்தது. ஆனால் இந்தக் கதையை ஜெனீவாவில் அல்ல, பருத்தித்துறையில் தொடங்க விரும்புகிறேன். எதிர்ப்பொருளை முன்னறிந்த டிராக்கிடம் நேரே பாடம் கேட்டு, அவருடைய இன்னொரு சமன்பாடு எங்கே முறிகிறது என்று காட்டியவர்களில் ஒருவர் நம்மவர்.

கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் 1918 யூனில் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியை முடித்து, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அந்நாளில் வீட்டார் காட்டிய திசை அரசாங்க உத்தியோகம். எலியேசர் போனது டிராக்கின் கீழ் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு.

போர்க்காலத்தில் அவர் கையிலெடுத்த வினாவை உயர்தர வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லலாம். புரோத்தனைச் சுற்றும் இலத்திரன் ஒளியை வீசும், அதனால் ஆற்றலை இழக்கும், இழந்தால் சுருண்டு சுருண்டு உள்ளே விழவேண்டும். பழைய பௌதிகவியலின் கணக்கு இது. தான் வீசிய கதிரே தன்னைத் திருப்பித் தாக்கும் விளைவையும் சேர்த்துக்கொண்டு டிராக் 1938இல் இலத்திரனுக்குப் புதிய இயக்கச் சமன்பாடு ஒன்றை எழுதினார். அந்தச் சமன்பாட்டின்படி புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழும் இலத்திரனுக்கு என்ன நடக்கும் என்று எலியேசர் கணக்கிட்டார். விடை 1943இல் வெளிவந்தது. இலத்திரன் புரோத்தனை ஒருபோதும் அடையாது. வழியிலேயே நின்று, திரும்பி, வேகம் ஏறிக்கொண்டே போய் எல்லையில்லாத தூரத்துக்கு ஓடிவிடும். புரோத்தன் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

இயற்கையில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆகவே கோளாறு சமன்பாட்டில்தான் இருக்கவேண்டும். தன் ஆசிரியர் எழுதிய சமன்பாட்டை அது உடையும் இடம்வரை கொண்டுபோய்ப் பார்க்கும் துணிவு இருபதுகளில் இருந்த ஓர் இளைஞனுக்கு இருந்தது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். 1948இல் அதற்கு மாற்றான சமன்பாடு ஒன்றையும் அவரே முன்வைத்தார். வலிமை மிக்க லேசர் ஒளியில் இலத்திரன் எப்படி நகரும் என்று ஆராய்கிறவர்களின் கட்டுரைகளில் எலியேசரின் பெயர் இன்றும் வருகிறது.

1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். தனிச்சிங்களச் சட்டத்தையும் 1958 கலவரத்தையும் கண்ட நாட்டிலிருந்து 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வளாகத்துக்கு இந்தியவியல் துறைத் தலைவராக வந்து சேர்ந்தவர் நம் தீவகத்துக் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியவர். வடமராட்சிக் கணிதரும் கரம்பன் தமிழறிஞரும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்த அந்த ஆண்டுகளைப் பற்றித் தனியாக ஒரு நூல் வரவேண்டும். எலியேசர் 1968இல் ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பிற்காலத்தில் அங்குள்ள தமிழ் அமைப்புகளில் முன்னின்று உழைத்து, 2001இல் மெல்பேணில் மறைந்தார்.

டிராக்கும் எலியேசரும் கையாண்ட இலத்திரனால் தன் எதிர்த்துகளாக மாறித் திரும்பும் அலைவைச் செய்ய முடியாது. மறை ஏற்றம் தானாக நேர் ஏற்றமாகாது. மொத்த ஏற்றம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எனவே அலையக்கூடிய துகளுக்கு ஏற்றம் இருக்கக்கூடாது. அது மட்டும் போதாது. ஒளித்துகளுக்கும் ஏற்றமில்லை, ஆனால் அதன் எதிர்த்துகளும் அதுவேதான். மாறிப்போக இன்னொரு வடிவம் இல்லை. நியூத்திரனுக்கு எதிர்நியூத்திரன் உண்டு. அவை ஒன்று மற்றொன்றாக மாறலாம் என்று ஒடிசாவில் பிறந்த ரவீந்திர மொஹபாத்ராவும் ரொபர்ட் மார்ஷக்கும் 1980இல் எழுதினார்கள். பிரான்சின் கிரனோபிள் நகரில் தேடியும் பார்த்தார்கள், இன்னும் அகப்படவில்லை. ஏற்றமும் இல்லாமல், எதிர்த்துகளிலிருந்து வேறாகவும் இருந்து, அந்த வேறுபாடு எந்த விதியாலும் முழுமையாகக் காக்கப்படாததாகவும் இருக்கவேண்டும். இயற்கை அப்படிப்பட்ட துகளை வைத்திருக்கிறது என்று 1947க்கு முன் யாருக்கும் தெரியாது.

அது அகப்பட்ட இடம் இங்கிலாந்தின் மான்செஸ்டர். பற்றிக் பிளக்கெட்டின் ஆய்வகத்தில் ஜோர்ஜ் ரொச்செஸ்டரும் கிளிபோர்ட் பட்லரும் வலிமையான காந்தமொன்றுக்குள் முகில் அறையை வைத்து, வானிலிருந்து விழும் கதிர்கள் விட்டுச்செல்லும் தடங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். முகில் அறை என்பது ஆவி நிறைந்த கண்ணாடிப் பெட்டி. ஏற்றமுள்ள துகள் அதன் ஊடாகப் போனால் போன வழியெல்லாம் மிக நுண்ணிய நீர்த்துளிகள் கோத்து நிற்கும். ஏற்றமில்லாத துகள் எந்தத் தடமும் விடாது. 1946 ஒக்டோபர் 15ஆம் தேதிப் படமொன்றில், பெட்டிக்குக் குறுக்கே வைத்த ஈயத் தகட்டுக்குக் கீழே, வெறும் இடத்திலிருந்து இரண்டு கோடுகள் கவைபோல விரிந்து கீழிறங்கின. கவை பிரியும் புள்ளிக்கு மேலே ஒன்றுமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த இடம்வரை வந்து, இரண்டாக உடைந்திருக்கிறது. காந்தத்தில் கோடுகள் வளைந்த அளவை வைத்துக் கணக்கிட்டால், உடைந்த துகளின் திணிவு இலத்திரனைப்போல ஆயிரம் மடங்கு வரும். அப்படியொரு துகள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஏறத்தாழ 5,000 படங்களில் இத்தகைய நிகழ்வுகள் இரண்டே இரண்டு. அந்த இரண்டை வைத்துக்கொண்டு 1947 டிசம்பரில் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் மான்செஸ்டரில் மூன்றாவது படம் கிடைக்கவில்லை. கருவியை பிரான்சின் பிரனீஸ் மலையுச்சிக்குக் கொண்டுபோன பிறகுதான் கவைகள் தொடர்ந்து விழத் தொடங்கின. பின்னாளில் கே மேசன் என்று பெயர் பெற்ற துகளின் பிறப்புச் சான்றிதழ் அந்த 1946ஆம் ஆண்டுப் படம்.

கே மேசனின் நடத்தை விசித்திரமாக இருந்தது. பிறக்கும்போது மிக வேகமாகப் பிறக்கிறது. இறக்கும்போது மட்டும், அந்த வேகத்தோடு ஒப்பிட்டால், நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. இந்தப் புதிரை அவிழ்க்க முதல் அடி எடுத்துவைத்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் பைஸ்.

பைஸ் பிறந்தது 1918 மே மாதம். எலியேசருக்கு ஒரு மாதம் மூத்தவர். ஊர் ஆம்ஸ்டர்டாம். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தபோது காரைநகருக்கு வைத்த பெயர் அது. வேலணையை லெய்டன் என்றார்கள், நயினாதீவை ஹார்லம் என்றார்கள். நெடுந்தீவு ஆங்கில வரைபடங்களில் இன்றைக்கும் டெல்ஃப்ட்தான். பைஸ் யூதர். நாசிகள் பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில் 1941 யூலை 14க்குப் பிறகு யூதர் எவருக்கும் கலாநிதிப் பட்டம் கிடையாது என்று கட்டளை வந்தது. யூலை 9ஆம் தேதி, உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பைஸ் பட்டத்தை வாங்கிவிட்டார். பின்பு ஆம்ஸ்டர்டாமில் மறைவிடங்களில் ஒளிந்து வாழ்ந்தார். 1945 மார்ச்சில் பிடிபட்டார். அவரோடு பிடிபட்ட நண்பர் லயன் நோர்தைம் சுட்டுக் கொல்லப்பட்டார். தங்கை ஆனி சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டவர். பைஸ் தப்பினார். தப்பிப் பிழைப்பது என்றால் என்ன, பிழைத்தவர் மனத்தில் என்ன தங்கும் என்பதை 1990இல் தீவகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

போர் முடிந்ததும் பைஸ் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் போய், அங்கிருந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குச் சென்றார். இந்தப் புதுத்துகள்கள் தனியாகப் பிறப்பதில்லை, சோடியாகத்தான் பிறக்கின்றன என்று 1952இல் சொன்னார். மறு ஆண்டு மறி கெல்-மானும், யப்பானில் நிஷிஜிமாவும், இத்துகள்களுக்கு ஒரு புது அடையாள எண் கொடுத்தார்கள். கெல்-மான் அதற்கு விநோதத்தன்மை என்று பெயரிட்டார். துகள்கள் பிறக்கும்போது இந்த எண் காக்கப்படும், சிதையும்போது காக்கப்படாது. கே மேசனுக்கு அந்த எண் நேர் 1, எதிர் கே மேசனுக்கு மறை 1. ஆகவே இரண்டும் வேறு வேறு துகள்கள்.

கெல்-மான் இதைச் சிக்காகோவில் விளக்கியபோது என்ரிக்கோ பெர்மி ஒரு கேள்வி கேட்டார். கே மேசனும் எதிர் கே மேசனும் சிதைந்தால் வருவது பையோன் என்ற இலேசான துகள்கள் அதே இரண்டுதானே; அப்படியானால் அவை எப்படி வேறாகும்? பெர்மி 1954 நவம்பரில் இறந்துவிட்டார். கேள்விக்கான விடையை கெல்-மானும் பைஸும் சேர்ந்து 1955 மார்ச்சில் வெளியிட்டார்கள். இந்த அத்தியாயத்தின் நடுவிடம் அந்தக் கட்டுரை.

அவர்கள் சொன்னது இது. கே மேசன் இரண்டு பையோன்களாகலாம். அந்த இரண்டு பையோன்களும் சேர்ந்து எதிர் கே மேசனாகலாம். ஆகவே கே மேசனுக்கும் எதிர் கே மேசனுக்கும் நடுவே ஒரு வழி திறந்திருக்கிறது. மிக ஒடுங்கிய வழிதான், ஆனாலும் வழி. சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரே வேப்பங்கிளையில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு ஊஞ்சல்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் ஆட்டிவிட்டால், கிளை மெல்ல வளைந்து கொடுக்க, சற்று நேரத்தில் மற்றதும் ஆடத் தொடங்கும். இன்னும் சற்று நேரத்தில் முதலாவது ஓய்ந்து, இரண்டாவது முழுவீச்சில் ஆடும். பிறகு ஆட்டம் முதலாவதுக்கே திரும்பும். கிளை எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு விரைவாக இந்தக் கைமாற்றம் நடக்கும். அதே இரண்டு ஊஞ்சல்களையும் ஒரே திசையில் ஒன்றாகவோ, நேர் எதிர்த்திசைகளிலோ ஆட்டிவிட்டால் கைமாற்றம் இல்லை. ஒவ்வொரு வகை ஆட்டமும் தனக்குரிய கதியில் அப்படியே தொடரும்.

இந்த இரண்டு வகை ஆட்டங்கள்தான் கெல்-மானும் பைஸும் கண்ட இரண்டு கலவைகள். ஒன்று கே மேசனும் எதிர் கே மேசனும் ஒரு விதமாகச் சேர்ந்தது. மற்றது இன்னொரு விதமாகச் சேர்ந்தது. திட்டமான திணிவும் திட்டமான ஆயுளும் இந்தக் கலவைகளுக்கே உண்டு. முதலாவது இரண்டு பையோன்களாகச் சட்டென்று சிதைந்துவிடும்; அதன் சராசரி ஆயுள் ஒரு செக்கனின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைவு. இரண்டாவதுக்கு அந்த வாசல் அடைப்பு. மூன்று பையோன்கள் போன்ற கடினமான வழிகளில்தான் அது சிதையவேண்டும். ஆகையால் அதன் ஆயுள் முதலாவதைப்போல 500 மடங்குக்கும் மேல். முதலாவதை மட்டும் பார்த்திருந்த காலத்தில், நெடிய ஆயுளுடைய இன்னொன்றும் இருக்கவேண்டும் என்று தாளில் எழுதி முன்னறிவித்தார்கள். 1956இல் புறூக்ஹேவன் ஆய்வகத்தில் லியோன் லெடர்மனும் கூட்டாளிகளும் இலக்கிலிருந்து தள்ளி முகில் அறையை வைத்தார்கள். குறுகிய ஆயுளுடையவை எல்லாம் வழியிலேயே சிதைந்து முடிந்திருக்கும் தூரம் அது. அங்கேயும் கவைகள் விழுந்தன.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிய வியப்பு இதன் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. தூய கே மேசன்களாலான கற்றை ஒன்றை உண்டாக்கி விட்டுவிடுங்கள். புறப்படும்போது அதில் எதிர்ப்பொருள் ஒரு துளியும் இல்லை. சில மீற்றர் வெற்றிடத்தில் போன பிறகு பார்த்தால், மிஞ்சியிருக்கும் கற்றையில் பாதி கே மேசன், பாதி எதிர் கே மேசன். யாரும் அதைத் தொடவில்லை. காலம் மட்டும் போயிருக்கிறது. இப்போது குறுக்கே ஓர் உலோகத் தகட்டை வையுங்கள். தகட்டிலுள்ள அணுக்கருக்கள் எதிர் கே மேசன்களை அதிகமாக விழுங்கும், கே மேசன்களைக் குறைவாக விழுங்கும். வெளியே வரும் கற்றையில் சமநிலை குலைந்திருக்கும்; குலைந்ததால், எப்போதோ சிதைந்து முடிந்துபோன குறுகிய ஆயுட் கலவை மறுபடி உயிர்பெற்று வந்திருக்கும். பைஸும் ஒரெஸ்தே பிச்சியோனியும் 1955இலேயே இதை முன்னறிவித்தார்கள். பின்பு சோதனையில் அப்படியே நடந்தது. துகள் என்பது அச்சடித்த நாணயம் போன்ற ஒன்று என்று பள்ளியில் நம் மனத்தில் பதிந்துவிட்ட எண்ணத்தை இந்தச் சோதனை வேரோடு பிடுங்கிவிடுகிறது.

1964இல் அதே புறூக்ஹேவனில் ஜேம்ஸ் குறோனின், வால் பிற்ச், ஜேம்ஸ் கிறிஸ்டென்சன், ரெனே துர்லே ஆகிய நால்வரும், நெடிய ஆயுட் கே மேசன் இரண்டு பையோன்களாக ஒருபோதும் சிதையாது என்ற விதியைச் சோதித்தார்கள். 22,700 சிதைவுகளில் ஏறத்தாழ 45 விதியை மீறின. ஆயிரத்துக்கு இரண்டு. இயற்கை பொருளையும் எதிர்ப்பொருளையும் சரிசமமாக நடத்தவில்லை என்பதற்கு மனிதர் கண்ட முதல் சான்று இந்த ஆயிரத்துக்கு இரண்டு. பேரண்டத்தில் எதிர்ப்பொருள் எங்கே போயிற்று, பொருள் மட்டும் ஏன் மிஞ்சியது என்ற கேள்வியை அந்திரேய் சகாரவ் 1967இல் இதோடு தொடுத்தார். குறோனினுக்கும் பிற்சுக்கும் 1980இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அலைவுகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட துகள்களைவிட, அவற்றுக்கு நடுவிலுள்ள மிகச் சிறிய வேறுபாடுகள்தான் அதிகம் சொல்லியிருக்கின்றன. இரண்டு கே கலவைகளின் திணிவு வேறுபாடு, கே மேசனின் திணிவில் நூறு இலட்சம் கோடியில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. அவ்வளவு சிறிதாக ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு மேசன்களின் உட்கூறுகளாக அன்று தெரிந்திருந்த மூன்று குவார்க்குகளால் விடை சொல்ல முடியவில்லை. நான்காவது ஒன்று இருந்தால் கணக்கு நேராகும் என்று 1970இல் கிளாஷோவும் இலியோபூலசும் மையானியும் எழுதினார்கள். அதன் திணிவு எவ்வளவு இருக்கலாம் என்று மேரி கயார்டும் பெஞ்சமின் லீயும் இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே மதிப்பிட்டார்கள். 1974 நவம்பரில் நான்காவது குவார்க் அகப்பட்டது. ஆயிரத்துக்கு இரண்டு என்ற மீறலை விளங்கவைக்க மூன்றாவது குவார்க் குடும்பமே வேண்டும் என்று கோபயாஷியும் மஸ்கவாவும் 1973இல் சொன்னார்கள். 1977இல் அந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினர் வந்து சேர்ந்தது. கண்ணால் காணாத துகளின் திணிவைக் கண்ட துகளின் ஆட்டத்தில் அளந்திருக்கிறார்கள்.

மூன்றாவது தடவையும் இது நடந்தது. 1987இல் ஹாம்பேர்க்கில் ஆர்கஸ் சோதனைக் குழு, அந்த உறுப்பினரைக் கொண்ட பி மேசன் தன் எதிர் மேசனாக மாறுவதைக் கண்டது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக மாறியது. அப்படியானால் அதே குடும்பத்தில் இன்னும் அகப்படாத உச்சக் குவார்க் எல்லாரும் எண்ணியதைவிடப் பெருந்திணிவோடு இருக்கவேண்டும். பெர்மி ஆய்வகத்தில் அது 1995இல் அகப்பட்டபோது, தங்க அணு ஒன்றின் திணிவை நெருங்கி நின்றது.

விநோதத்தன்மை தரும் குவார்க்கையும் கொண்ட பி மேசன் இவற்றில் மிக விரைவானது. செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கோடித் தடவை அது பொருளாகவும் எதிர்ப்பொருளாகவும் மாறி மாறித் திரும்புகிறது. பெர்மி ஆய்வகத்தின் சிடிஎப் குழு 2006இல் இதை அளந்தது. சராசரியாக ஓர் ஆயுளுக்குள் நான்கு முழுச் சுற்று ஆடிவிடுகிறது.

டி மேசன் இதற்கு நேர்மாறு. நான்காவது குவார்க்கைக் கொண்ட இந்த மேசன் 1976இலேயே அகப்பட்டுவிட்டது. ஆனால் அது அலைகிறது என்பதற்கான முதல் தடயங்கள் கலிபோர்னியாவின் பாபர் குழுவிடமிருந்தும் யப்பானின் பெல் குழுவிடமிருந்தும் 2007இல்தான் வந்தன. காரணம் எளிது: ஒரு முழுச் சுற்று ஆடுவதற்கு டி மேசனுக்குத் தன் சராசரி ஆயுளைப்போல 1,500 மடங்குக்கும் மேலான நேரம் தேவை. எந்த டி மேசனும் அவ்வளவு காலம் இருப்பதில்லை. ஊஞ்சல் அசையத் தொடங்கும்போதே கயிறு அறுந்துவிடுகிறது. ஒவ்வொன்றிலும் காணக்கூடியது அந்த முதல் அசைவின் மிகச் சிறு துணுக்கு மட்டுமே. சேர்னின் எல்எச்சிபி குழு 2013இல் அலைவை ஐயமற உறுதிசெய்தது. பிறகு மூன்று கோடிக்கும் மேற்பட்ட சிதைவுகளைத் திரட்டி, ஒவ்வொரு மேசனும் பிறந்த இடத்துக்கும் சிதைந்த இடத்துக்கும் இடையிலுள்ள சில மில்லிமீற்றர் தூரத்தை அளந்து, அதிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டு, 2021இல் டி மேசனின் இரண்டு கலவைகளுக்கும் உள்ள திணிவு வேறுபாட்டைச் சொன்னார்கள். கிராமில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 37 சுழியங்கள் போட்டு, அதன்பின் ஒன்று எழுதவேண்டும். நேராக நிறுத்துப் பார்க்க உலகில் எந்தத் தராசும் இல்லாத அளவு அது. அலைவு ஒன்றுதான் அதற்குத் தராசு.

இந்த வேறுபாடு நான்காவது முறையாக எதையேனும் காட்டிக்கொடுக்கிறதா? இங்கே நிதானமாகப் பேசவேண்டியிருக்கிறது. கே மேசனிலும் பி மேசனிலும் கணக்கைக் கோட்பாட்டாளர்கள் ஓரளவு நன்றாகப் போடுகிறார்கள். டி மேசனில் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் வல்விசை நடுவே புகுந்து கணக்கைக் கலக்கிவிடுகிறது. எவ்வளவு வரவேண்டும் என்று திட்டமாகச் சொல்ல இன்று யாராலும் முடியவில்லை. ஆகவே அளவு எதிர்பார்த்தபடி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, மீறுகிறது என்றும் சொல்ல முடியாது. புதிய துகள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற தலைப்போடு நாளிதழ்கள் இதை அறிவித்தால் நம்பவேண்டாம். பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள நடத்தை வேறுபாட்டை டி மேசனின் சிதைவில் 2019இல் கண்டிருக்கிறார்கள். அதன் அலைவில் இன்னும் காணவில்லை. அங்கே ஒரு சிறு மீறல் தென்பட்டால் அதுதான் பெரிய செய்தி. அதைத் தேடிக்கொண்டிருக்கும் பெல்-2 சோதனையில் சென்னை ஐஐடியும் சேர்ந்திருக்கிறது. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நீதா சின்ஹாவும் ராகுல் சின்ஹாவும் பி மேசனின் இத்தகைய வேறுபாடுகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். வேலணை மத்திய கல்லூரியிலோ புங்குடுதீவிலோ உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்தத் துறை எட்டாத தூரத்தில் இல்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எலியேசர் கப்பலேறிப் போகவேண்டியிருந்த காலத்தைவிட இது இன்று எவ்வளவோ கிட்டத்தில் இருக்கிறது.

துகள் உடைக்கும் இயந்திரம் இல்லாத இடத்திலும் இவை பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும்போது உள்ளங்கையை வானத்தைப் பார்த்து விரித்துப் பிடித்தால், கிட்டத்தட்ட செக்கனுக்கு ஒன்று வீதம் மியூவோன் துகள் அதன் ஊடாகப் போய்க்கொண்டிருக்கும். விண்வெளியிலிருந்து வரும் புரோத்தன்கள் பல கிலோமீற்றர் உயரத்தில் காற்றிலுள்ள அணுக்கருக்களை மோதும்போது பையோன்களும் கே மேசன்களும் தெறிக்கின்றன. அவை சிதைந்து வருபவைதான் இந்த மியூவோன்கள். அதே மோதல்களில் பிறக்கும் ஏற்றமற்ற கே மேசன்கள், பாக்கு நீரிணைக்கு மேலே, பொருளாகவும் எதிர்ப்பொருளாகவும் கலந்தபடி பறந்து சிதைகின்றன. ரொச்செஸ்டரும் பட்லரும் பிடித்ததும் இப்படி வானிலிருந்து விழுந்த மழையில்தான்.

அதே மழையில் பிறக்கும் நியூத்திரினோக்களைப் பிடிக்க நம் பக்கத்திலேயே ஒரு கூட்டம் பூமிக்குள் இறங்கியது. கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், வேர்வை சொட்டும் வெப்பத்தில் அவர்கள் வைத்த கருவிகள் 1965இல் கண்டதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)